வறுத்த பயறும் வாராத கணக்கும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூருக்குப் போகிற பெருஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதையைக் காக்கப் போராடிச் சிறகிழந்து மாண்ட ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது தல புராணம். அங்கே விஜயராகவப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஜடாயு தீர்த்தத்தில் நீராடி, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவார்கள். விடிந்து பார்க்கும்போது அந்தப் பயறு முளை விட்டிருந்தால், மரகதவல்லித் தாயார் வரம் தந்துவிட்டாள் என்பது நம்பிக்கை.

வறுத்த பயறு முளைக்குமா என்று தர்க்கம் பேச நான் வரவில்லை. குழந்தைக்காக ஏங்குகிற ஒரு பெண்ணின் நம்பிக்கையோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. தன் மடியில் இருப்பது வறுத்த பயறு என்று அவளுக்குத் தெரியும். முளைத்தால் அது தெய்வச் செயல் என்பதும் தெரியும். அவள் பிறரை ஏமாற்றவில்லை. தன்னையும் ஏமாற்றிக் கொள்ளவில்லை.

என் வழக்கெல்லாம் வேறொரு கூட்டத்தோடு. அந்தக் கூட்டத்தில் பெற்றோர் இருக்கிறார்கள், உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள், டியூஷன் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கைடு புத்தகம் அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஜூன் மாதத்திலிருந்து தினந்தோறும் கணக்கு என்னும் நல்ல விதைப் பயறைச் சட்டியில் போட்டு வறுக்கிறார்கள். வறுத்ததைப் பிள்ளைகளின் மடியில் கட்டுகிறார்கள். பிறகு பங்குனி மாதம் பரீட்சை மண்டபத்தில் அது முளைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். முளைக்காவிட்டால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "என்ன செய்வது, இவனுக்குக் கணக்கு வராது!"

வராதுதான். வறுத்தால் எப்படி வரும்?

கணக்கை வறுப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? மிகவும் சுலபம். உபாத்தியாயர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடுகிறார். பிள்ளை அதை வரிக்கு வரி நோட்டில் எழுதிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து அந்த நோட்டைக் கண்ணால் படிக்கிறது. 'இரண்டாம் வரியில் இது, மூன்றாம் வரியில் அது' என்று வாயால் உருப்போடுகிறது. அம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழாவது கணக்கைச் சொல்லு பார்க்கலாம்" என்கிறாள். பிள்ளை கந்த சஷ்டி கவசம் சொல்வது போல் சொல்கிறது. அம்மாவுக்கு ஆனந்தம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே கணக்கில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்கிறார்கள். பிள்ளை விழிக்கிறது. அம்மா நேற்றுக் கேட்டது பாராயணம். கணக்கு அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை.

கொஞ்சம் வசதியுள்ள வீட்டில் வறுக்கிற சட்டி மட்டும் வேறு. கைப்பேசியில் ஒருவர் அழகாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பிள்ளை சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறது. பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. மாலி புல்லாங்குழல் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஊதுவது சுலபம் என்றுதான் நமக்கும் தோன்றியது. குழலை நம் கையில் கொடுத்தால் அல்லவா தெரியும் வேடிக்கை?

நம்முடைய பாஷை இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. சரித்திரத்தைப் 'படிக்கிறோம்'. செய்யுளைப் 'படிக்கிறோம்'. கணக்கை மட்டும் 'போடுகிறோம்'. கோலம் போடுகிறோம், பந்தல் போடுகிறோம், தறியில் பாவு போடுகிறோம், கணக்குப் போடுகிறோம். எல்லாம் கை நகர வேண்டிய காரியம். ஒரு பெண் கோலப் புத்தகத்தை மூன்று மணி நேரம் கண்கொட்டாமல் படித்துவிட்டு, "எனக்குக் கோலம் தெரியும்" என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பாட்டி சிரிப்பாள். அதே பெண் கணக்கு நோட்டை மூன்று மணி நேரம் படித்தால், "எவ்வளவு பொறுப்பான பெண்!" என்று மெச்சுகிறோம்.

இதற்கு மூன்று சமாதானங்கள் நம் ஊரில் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"எப்படிப் படித்தால் என்ன, மார்க் வருகிறதே?" என்பது முதல் சமாதானம். வருகிறது, மறுக்கவில்லை. புத்தகத்தில் உள்ள கணக்கு அப்படியே வந்தால் மார்க்கும் வரும். புத்தகத்துக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைத்தால் என்ன வருகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்தோம். பல தேசங்களில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் பீஸா என்ற சர்வதேசப் பரீட்சையின் 2009-ஆம் வருஷத்துச் சுற்றில், நம் நாட்டிலிருந்து தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. கணக்கில் வளர்ந்த நாடுகளின் சராசரி 496. தமிழ்நாட்டின் சராசரி 351. கலந்துகொண்ட எழுபத்துச் சொச்சம் நாடுகள், பிரதேசங்களுக்குள் நாம் ஏறக்குறையக் கடைசியில் நின்றோம். பத்தாம் வகுப்பில் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தேறிக்கொண்டிருந்த அதே தமிழ்நாடுதான்!

கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழ்நிலைக்குப் பொருந்தவில்லை என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு 2012-லும் 2015-லும் 2018-லும் நடந்த பரீட்சைகளில் நாம் கலந்துகொள்ளவே இல்லை. முகத்தில் கரி இருக்கிறதென்று காட்டிய கண்ணாடியைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டோம். கரி போய்விட்டதா?

மார்க் என்பது எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நான்கு விதமான கன உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தாருக்கு நம் பாடப் புத்தகத்தில் உள்ளது போல் ஒரே மாதிரிக் கணக்குகளை வரிசையாகக் கொடுத்தார்கள். முதல் வகை முடிந்த பிறகு இரண்டாம் வகை, அது முடிந்த பிறகு மூன்றாம் வகை. இன்னொரு கூட்டத்தாருக்கு நான்கையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது யாருக்கு அதிக மார்க்? வரிசையாகப் போட்டவர்களுக்கு 89 சதவிகிதம். கலந்து போட்டவர்களுக்கு 60 தான். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். கலந்து போட்டவர்கள் 63 வாங்கினார்கள். வரிசையாகப் போட்ட புலிகள் 20-க்கு இறங்கிவிட்டார்கள்.

காரணம் பெரிய ரகசியமல்ல. 'வட்டி' என்ற தலைப்பின் கீழ் இருபது வட்டிக் கணக்குகள் இருந்தால், இது என்ன கணக்கு என்று யோசிக்கிற வேலையே பிள்ளைக்கு இல்லை. தலைப்பு சொல்லிவிட்டது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு ஆட்டினால் மாவு வந்துவிடும். பரீட்சைத் தாளிலோ தலைப்பு கிடையாது. கடைவீதியிலும் கிடையாது. வயலிலும் தொழிற்சாலையிலும் கிடையாது. எதை எங்கே உபயோகிப்பது என்று தெரிந்துகொள்வதுதான் கணக்கில் பாதி. அந்தப் பாதியை நாம் கற்றுக் கொடுப்பதே இல்லை.

"நம்முடைய முன்னோர்களும் மனப்பாடம்தானே செய்தார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ஒப்பிக்கவில்லையா?" என்பது இரண்டாவது சமாதானம். இதைச் சொல்கிறவர்களுக்குப் பழமையில் பக்தி உண்டு, பரிச்சயம் இல்லை.

எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள் என்பது உண்மை. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16-ல் ஒரு பங்கு, அரைக்கால் என்றால் 8-ல் ஒரு பங்கு என்று சின்னஞ்சிறு பின்னங்களைக்கூட விடாமல் வாய்ப்பாடாகச் சொன்னார்கள். அதற்கு விரோதமாக நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். பெருக்கல் வாய்ப்பாடு நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஏழெட்டு எத்தனை என்பதற்கு விரலை மடக்கிக்கொண்டிருக்கிற பிள்ளை, கணக்கின் நடுவில் தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடும். தச்சருக்கு உளி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வாய்ப்பாடு உளி. ஆனால் உளியை மனப்பாடம் செய்யலாம். நாற்காலியை மனப்பாடம் செய்ய முடியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளை மனப்பாடம் செய்தது உளிகளை. அதற்குப் பிறகு நெல்லளக்கவும், நிலத்துக்குக் குழிமாற்றுக் கணக்குப் போடவும், பொன் நிறுக்கவும் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு நாம் செய்வது தலைகீழ். வாய்ப்பாட்டைக் கால்குலேட்டரிடம் விட்டுவிட்டு, போட வேண்டிய கணக்கை நெட்டுருப் போடச் சொல்கிறோம்!

அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வேறொரு நல்ல பழக்கமும் இருந்தது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். சட்டாம்பிள்ளை என்பவன் பிரம்பைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் மட்டுமல்ல, பாதி வாத்தியார். 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் கையாண்டு, பிள்ளைகளையே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் எழுந்த பள்ளிக்கூடம் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரோடு நடக்கிறது. அவர்கள் நம் ஊர்ப் பெயரைக் காப்பாற்றுகிறார்கள். நாமோ, பக்கத்துப் பையனுக்கு விளக்கிச் சொல்கிற பையனை, "வகுப்பில் என்ன பேச்சு?" என்று பெஞ்சின்மேல் ஏற்றுகிறோம்.

விளக்கிச் சொல்லத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் முன்னோர் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். திருப்புட்குழி இருக்கிற அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, ஏறக்குறைய 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊர் வாரியங்களில் இடம் பெற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை நிலம் வேண்டும் என்கிறது. ஆனால் ஒருவர் ஒரு வேதம் வல்லவராகவும், ஒரு பாஷ்யத்தை எடுத்து விளக்கத் தெரிந்தவராகவும் இருந்தால் அரைக்கால் வேலி போதுமாம். அந்தக் காலத்து ஏற்பாட்டில் யார் யாருக்கு இடமில்லாமல் போயிற்று என்பது வேறு விவகாரம். இங்கே நான் கவனிப்பது ஒன்றே: வெறுமனே ஓதத் தெரிந்தால் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை, எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தவருக்கு நிலத்தில் பாதிக்குப் பாதி தள்ளுபடி! இன்றைக்கு நம் பள்ளிக்கூடங்களில் அதற்கு அரை மார்க்காவது உண்டா?

மூன்றாவது சமாதானம் எல்லாவற்றிலும் மோசமானது. "கணக்கெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும் சார். ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள். நமக்கு யார் சொல்வார்கள்?" என்கிறார்கள். ராமானுஜனை இப்படிப் பூஜை அறையில் மாட்டி வைத்துவிட்டால், அவரைப் பின்பற்ற வேண்டிய சிரமம் நமக்கு இல்லை.

நாமகிரித் தாயாரிடம் அவருக்கு இருந்த பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விழித்திருந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா? பதினைந்து, பதினாறு வயதில், 1903 வாக்கில், கார் என்பவர் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு அவர் கைக்குக் கிடைத்தது. ஐயாயிரத்தை நெருங்கும் சூத்திரங்களும் தேற்றங்களும் அதில் இருந்தன. நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லை; இருந்தாலும் இரண்டொரு வார்த்தைக் குறிப்புத்தான். இன்றைய பிள்ளையின் கையில் அந்தப் புத்தகம் கிடைத்தால், "இதற்குக் கைடு இருக்கிறதா?" என்று கேட்டிருக்கும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்தப் பையன் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தான். காகிதம் வாங்கப் பணம் போதாது. ஆகவே சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, கடைசியில் கிடைத்த விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தான்.

அந்த முழங்கையைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். தாயார் கனவில் வந்தது உண்மையானால், பகலெல்லாம் சிலேட்டைத் தேய்த்தவன் கனவில்தான் வந்தாள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பின்னால் ஏறக்குறைய பத்து வருஷத்துச் சிலேட்டுத் தூள் இருக்கிறது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தேறாமல், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர் அவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். இன்று இருந்திருந்தால் அவரைப் பற்றி நாம் என்ன சொல்லியிருப்போம் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ராமானுஜன் பெயரைச் சொன்னதும் திருப்புட்குழிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பெயருக்கு மூலமான உடையவர் ராமாநுஜர், இளமையில் யாதவப்பிரகாசர் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்ட ஊர் அது என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். ஒரு நாள் சீடர் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உபநிஷத்தில் பகவானுடைய கண்களை வர்ணிக்கும் ஒரு சொல்லுக்கு, குரங்கின் பின்புறத்தை உவமையாக்கிப் பொருள் சொன்னார் குரு. சீடருடைய கண்ணீர் குருவின் தொடைமேல் விழுந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டார் குரு. அதே சொல்லை வேறு விதமாகப் பிரித்து, சூரியனால் மலர்ந்த தாமரை என்று பொருள் காட்டினார் சீடர். குருவுக்குக் கோபம் வந்தது. பிற்பாடு அந்தக் கோபம் கொலை எண்ணம் வரைக்கும் போயிற்று என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கதையின் முடிவு இன்னும் விசேஷம்: அந்தக் குருவே கடைசியில் அந்தச் சீடருக்குச் சீடரானார்.

வேதாந்த விவகாரம் நமக்கு இங்கே வேண்டாம். மாணவர் செய்ததை மட்டும் பாருங்கள். ஆசிரியர் சொன்ன விடையை அவர் எழுதிக்கொள்ளவில்லை. பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தவில்லை. சொல்லைப் பிரித்து மறுபடி போட்டார். கணக்குப் படிக்கிற முறை என்று நான் சொல்வது இதைத்தான். இன்று நம் வகுப்புகளில் ஒரு பெண் எழுந்து, "சார், இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது? "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்!" கொலை எண்ணம் இல்லை, வாஸ்தவம். ஆனால் கேள்வி செத்துவிட்டது.

உபாத்தியாயரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அறுபது பிள்ளைகளையும் முடிக்க வேண்டிய பாடங்களையும் தலைமேல் வைத்து, தேர்ச்சி சதவிகிதத்தை அவர் கழுத்தில் கட்டியிருக்கிறோம். அவரும் வறுக்கத்தான் செய்வார்.

ஆனால் இதில் நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று யோசித்தீர்களா? பட்டணத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வறுத்த பயறோடு பரீட்சைக்குப் போனாலும், பிற்பாடு பணம் கட்டிக் கோச்சிங் சென்டரில் வேறு பயறு வாங்கிக்கொள்ளும். திருப்புட்குழி போன்ற ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் அப்பா, ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ தொழிற்சாலை வாசலில் ஷிப்டு மாறக் காத்து நிற்கிறவராக இருக்கலாம். வீட்டிலேயே முதன்முதலாகப் பத்தாம் வகுப்புப் பார்க்கிறவள் அவள். அவளுக்கு இரண்டாவது பயறு கிடையாது. கணக்கில் விழுந்தால் பாலிடெக்னிக் கதவு சாத்திக்கொள்ளும். பொறியியல் கதவு சாத்திக்கொள்ளும். அந்தத் தொழிற்சாலைக்குள் வரைபடம் வாசிக்கிற மேஜைக்கும் பெட்டி தூக்குகிற வரிசைக்கும் நடுவே இருக்கிற சுவர், பெரும்பாலும் கணக்கினால் கட்டிய சுவர். உடையவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இன்றைக்கு இருக்கிற புதுச் சுவர் அது. அவளைப் பார்த்து, "பெண்பிள்ளைதானே, கணக்கு வராவிட்டால் போகிறது" என்கிறோமே, அது ஆறுதல் இல்லை ஐயா, ஆயுள் தண்டனை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பணம் செலவாகாத சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

கணக்குப் போட உட்காரும்போது புத்தகத்தை மூட வேண்டும். உதாரணக் கணக்கை ஒரு தடவை கவனமாகப் பார்க்கட்டும். பிறகு மூடிவிட்டு, வெறுங் காகிதத்தில் போடட்டும். நடுவில் நின்றால் கொஞ்சம் நேரம் நின்றுகொண்டிருக்கட்டும். அந்த நிற்கிற நேரம் வீண் போகிற நேரமல்ல. விதை ஊறுகிற நேரம். ஐந்து நிமிஷம் தவித்த பிறகு பார்க்கிற விடை மனத்தில் ஒட்டும். தவிக்காமல் பார்க்கிற விடை வாழை இலைமேல் தண்ணீர்.

கேள்வியை இரண்டு தடவை படித்து, என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்க்க வேண்டும். முடிந்தால் படம் போட வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த போல்யா என்ற கணித அறிஞர் 1945-ல் இதற்கென்றே ஒரு சிறு புத்தகம் எழுதினார். கேள்வியைப் புரிந்துகொள், வழியை யோசி, போடு, போட்டதைத் திரும்பிப் பார் என்று நான்கே படிகள். நம் பிள்ளைகளுக்கு மூன்றாவது படி ஒன்றைத்தான் கற்றுக் கொடுக்கிறோம். இரண்டு படியைத் தாவி ஏறி, இறங்க வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

அந்த நான்காவது படி மிகவும் ருசியானது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளைகள் ஆயிரம் பேர். அரையோடு எதையோ சேர்த்தும் அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளையே சிரித்துவிடும். அரை லிட்டர் பாலோடு இன்னும் கொஞ்சம் ஊற்றியும் அளவு குறைந்தால் பால்காரரைச் சும்மா விடுவோமா? இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுப்பதும், தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டுவதும் ஒன்று என்று நினைக்கிற பிள்ளை, இரண்டு இடத்திலும் ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு பக்கம் நான்கு வரும், மறு பக்கம் இரண்டு வரும். வாத்தியார் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. சின்ன எண்ணைப் போட்டுச் சோதிக்கிற பழக்கம் சட்டைப் பையில் ஒரு வாத்தியாரை வைத்துக்கொள்வது மாதிரி.

காரி நாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்ற பழைய நூலில் ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளை எண்ணலாமாம். காம்புக்கு அருகில் உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. விதி சரியா, தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த தடவை வீட்டுக்குப் பழம் வந்தால், பிள்ளையை முள்ளை எண்ணச் சொல்லுங்கள்; பிறகு பழத்தைப் பிளந்து சுளையை எண்ணச் சொல்லுங்கள். விதி ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, அன்றைக்குப் பிள்ளை ஜெயித்துவிடும். பெரியவர்கள் சொன்னதைப் போட்டுப் பார்த்து முடிவு செய்கிற ருசி அதற்குத் தெரிந்துவிடும்.

தினம் அரை மணி நேரம் போதும். ஆனால் தினம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் என்பது, வாரம் முழுவதும் தண்ணீர் விடாமல் ஒரே நாளில் ஏரியைத் திறந்துவிடுவது மாதிரி, பயிர் அழுகும். அந்த அரை மணியில் இன்றைய பாடத்திலிருந்து இரண்டு கணக்கு, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று என்று கலந்து போட வேண்டும். தப்பாகப் போன கணக்கைக் கிழித்து எறியக் கூடாது. அதற்கென்று ஒரு நோட்டு வைத்து, எங்கே வழுக்கியது என்று ஒரு வரி எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். தெரிந்துகொண்டதைத் தம்பிக்கோ தங்கைக்கோ பாட்டிக்கோ சொல்லிக் கொடுக்க வேண்டும். பாட்டி "ஏன்?" என்று கேட்டு, பதில் சொல்ல முடியாமல் போனால், அந்த இடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். பாட்டியைவிடக் கண்டிப்பான பரீட்சை அதிகாரி கிடையாது.

பெற்றோருக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். "எத்தனை மார்க்?" என்று கேட்கிற இடத்தில், "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை அதிகமாக விளக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்லத் தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். கணக்கு என்பது வாசலில் வந்து கதவைத் தட்டுகிற விருந்தாளியல்ல, வருவதற்கும் வராமல் போவதற்கும். அது போடுகிறவன் கையில் முளைக்கிற பயறு. பச்சைப் பயறாகக் கொடுங்கள், ஈரத் துணியில் முடிந்து வையுங்கள், தினம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அதற்குத் தெய்வத்தைக்கூடத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. வறுத்த பயறை முளைக்க வைக்கிற கஷ்டமான வேலையைத் தாயார் பார்த்துக்கொள்ளட்டும். வறுக்காமல் இருக்கிற சுலபமான வேலையை நாம் செய்வோம்.